தலையிடி: எது படுத்தால் போகும், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

தலையிடி வராத ஆள் ஊரில் இல்லை. அதனாலேயே அதை ஒரு வருத்தமாக யாரும் கணக்கெடுப்பதில்லை. கடையில் இரண்டு பனடோல், நெற்றிக்குக் கொஞ்சம் சித்தாலேப, இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி, பிறகு ஒரு படுக்கை. பெரும்பாலான நேரம் அவ்வளவும் போதும். ஆனால் வெளிநோயாளர் பிரிவில் தாதியாக இருந்த காலத்தில் கண்ட இரண்டு விதமான ஆட்கள் இன்னும் என் மனத்தை உறுத்துகிறார்கள். ஒருவர், வருடக்கணக்காக ஒரே மாதிரி வந்துபோகும் ஒற்றைத் தலையிடிக்கு "மூளையில கட்டி" என்று பயந்து, கடன்பட்டு ஸ்கான் எடுத்தவர். மற்றவர், பின்னேரம் சடாரென்று தலை பிளக்க இடித்தும் "விடியட்டும் பாப்பம்" என்று இருந்து, விடியும்போது நினைவில்லாமல் தூக்கிவரப்பட்டவர்.

மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள சவ்வுகள், இரத்தக் குழாய்கள், தலை கழுத்துத் தசைகள், கண், மூக்கு, பல் ஆகியவற்றில் இருந்துதான் தலையிடி பிறக்கிறது. ஆகவே வலியின் அளவு ஆபத்தின் அளவைச் சொல்லாது. ஆளைக் கட்டிலில் சாய்க்கிற ஒற்றைத் தலையிடி உயிருக்கு உலை வைப்பதில்லை. தலைக்குள் மெல்ல இரத்தம் கசியும் முதியவருக்கோ லேசான மந்தம் மட்டும் இருக்கலாம். எப்படித் தொடங்கியது, கூட என்ன வந்தது, முன்பு வந்ததைப் போன்றதுதானா? இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலாம் படி: குளிசையைத் தொடமுன் ஆபத்துக் குறி பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தது. காசு வாங்குவதில்லை. ஓட்டோவில் வளைத்துப் பிடித்து ஏற்றிப் போவதைவிட, வழியிலேயே ஒட்சிசன் கொடுக்கக்கூடிய வண்டி எவ்வளவோ மேல்.

- ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய தலையிடி. "வாழ்நாளில இப்பிடி ஒண்டு வரேல்லை" என்று ஆள் சொன்னால், அது மூளையைச் சுற்றி இரத்தக் குழாய் வெடித்ததாக இருக்கலாம். பிறகு குறைந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும்.
- முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் சோர்தல், பேச்சுக் குழறுதல். இது பாரிசவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்துமானால், அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கடைசியாக ஆள் எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.
- காய்ச்சலோடு கழுத்து விறைத்து, நாடி நெஞ்சில் படக் குனிய முடியாமை. மயக்கம், உளறல், வலிப்பு, உடம்பில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்.
- தலையில் அடிபட்ட பின் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சத்தி, தூங்கி வழிதல், காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் போன்ற குளிசை எடுப்பவர் என்றால், அடி சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும்.
- கண் சிவந்து கடுமையாக நோக, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல். கண்ணின் அழுத்தம் திடீரென ஏறினால் இப்படி வரும். சத்தியும் எடுப்பதால் பலர் இதைப் பித்தம் என்று விட்டுவிடுகிறார்கள். காத்திருந்தால் பார்வை போகும்.

எங்கே போவது என்ற கேள்வி அடுத்து வரும். யாழ் போதனா வைத்தியசாலைக்கு நேரே போகக்கூடிய தூரம் என்றால் அங்கேயே போங்கள். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலைக்கு முதலில் போகலாம். அங்கே ஆளை நிலைப்படுத்தி அனுப்புவார்கள். நெடுந்தீவில் இருப்பவர்கள் அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் தீவு வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும். அவசர நோயாளியைக் கடற்படைப் படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரும் ஒழுங்கை அங்கிருந்துதான் செய்ய முடியும்.

இரண்டாம் படி: காய்ச்சல் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் இது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஐப்பசி மழை தொடங்கி மாசி வரை, காய்ச்சலோடு வரும் தலையிடியை "தடிமன் காய்ச்சல்தான்" என்று ஒதுக்கக் கூடாது.

கண்ணுக்குப் பின்னால் குடைகிற வலி, உடம்பு முறித்துப் போட்டது போன்ற நோவு, கடுங்காய்ச்சல் என்றால் டெங்குவை நினையுங்கள். காய்ச்சலுக்கும் நோவுக்கும் பனடோல் மட்டும். அஸ்பிரின், இபுபுறூபன், டிக்லோபெனாக், மெபனமிக் அசிட் எதுவும் வேண்டாம். இவை இரத்தப்போக்கைக் கூட்டும். "நோவுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்கோ" என்று தனியார் மருத்துவமனையில் வற்புறுத்துவதும் ஆபத்து. மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இன்னொன்று: டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் ஆறுதல்படும் அந்த நாளில் வயிற்று நோ, நிற்காத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல் வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம்.

வயல், வெள்ளம், சேறு என்று காலை நனைத்தவருக்குத் தலையிடியும் காய்ச்சலும் வந்து, கெண்டைக்கால் தொடவிடாமல் நோவெடுத்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசம்பரில் வடமராட்சியில் இது உயிர்களைப் பறித்ததை மறந்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே கொடுத்தால் நுண்ணுயிர்க்கொல்லி நன்றாகக் கேட்கும். சிறுநீர் குறையத் தொடங்கிய பிறகு கதை வேறு. "நான் வயலுக்குள்ள இறங்கினனான்" என்ற ஒரு வசனத்தை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். பற்றைக்காட்டுப் பக்கம் போய்வந்தவர்கள் உடம்பில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று அக்குள், அரை, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தேடிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. நோகாததால் நோயாளிக்கே தெரியாது.

மூன்றாம் படி: இது எந்த வகை?

ஆபத்துக் குறியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் மூச்சை விடலாம். இனி வகை பிரிப்போம்.

மிகவும் பொதுவானது இறுக்கத் தலையிடி. தலையைச் சுற்றிச் சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டியது போல இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கும், துடிக்காது, சத்தி வராது, நடந்தாலும் இடி அதிகமாகாது. அரை மணித்தியாலத்தில் போனாலும் போகும், ஒரு கிழமை நின்றாலும் நிற்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்கு ஓடி, இரவு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தால் பிடரியில் தொடங்கி மேலே ஏறுவது இதுதான். தையல் மெசினில் இருப்பவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள், நித்திரை முழித்து வருத்தக்காரரைப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் வரும். கழுத்தையும் தோளையும் தளர்த்துவது, சுடுதண்ணி ஒத்தடம், நித்திரை, தேவைப்பட்டால் பனடோல். தைலம் பூசுவதில் பிழையில்லை; கைக்குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்தது ஒற்றைத் தலையிடி, மைக்ரேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் வீடுகளில் இதை அனுபவிப்பவர்களில் கூடுதலானோர் பெண்கள். அவர்களுக்கு "சோம்பல்", "சாட்டு" என்று பேர் வேறு வைத்துவிடுகிறோம். இது நரம்பு மண்டலத்தின் உண்மையான வருத்தம். பெரும்பாலும் தாய்க்கோ சித்திக்கோ இருந்திருக்கும். பெயர் அப்படி என்றாலும் எப்போதும் ஒரு பக்கம் மட்டும்தான் என்றில்லை. விண் விண் என்று துடிக்கும், படியேறினால் கூடும், வயிற்றைப் பிரட்டும், வெளிச்சம் கூசும், சத்தம் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணித்தியாலத்தில் இருந்து 72 மணித்தியாலம் வரை இழுக்கும். ஆளைப் பார்த்தாலே பிடிபடும்: இறுக்கத் தலையிடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டு சமைப்பார், மைக்ரேன்காரர் யன்னலைச் சாத்திவிட்டு, தலைக்குமேல் சீலையை இழுத்து மூடி, யாரும் பேசாதேயுங்கோ என்று கிடப்பார்.

சிலருக்கு இடி தொடங்குமுன் கண்ணுக்குள் மின்னல் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும், பார்வையில் ஓர் இடம் இல்லாமல் போகும், விரல் நுனியில் தொடங்கி மரமரப்பு ஏறும். 5 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நின்று மறையும். பாரிசவாதத்தில் எல்லாம் ஒரே நொடியில் வரும். இது மெல்லப் பரவும். ஆனாலும் முதல் தடவை வருபவர் தானாகத் தீர்மானிக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இப்படிக் கோடு தெரிகிற பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பதானால் கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு ஓர்மோன் கலந்த குளிசை இவர்களுக்குப் பாரிசவாத அபாயத்தைக் கூட்டும். வேறு முறைகள் இருக்கின்றன.

எது கிளப்பிவிடுகிறது? எங்கள் ஊரில் நான் அதிகம் கேட்ட விடை விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும், வெள்ளிக்கிழமைகளும், நல்லூர்த் திருவிழா 25 நாளும் பசி, வெயில், நெருக்கம், நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்து பிடிக்கின்றன. விரதத்தை விடச் சொல்லவில்லை. தண்ணீரையும் பழத்தையும் விடாமல், வெயில் ஏறமுன் போய்வரலாம். தினமும் பல கோப்பை தேத்தண்ணி குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலையிடி வரும். விரதத்துக்கு ஒரு கிழமை முன்பே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துவந்தால் அந்தத் தொல்லை இல்லை. மாதவிடாய், சோளகக் காலத்துப் புழுதியும் வெயிலும், கடுமையான வாசனை, நித்திரை குறைவதோடு நித்திரை கூடுவதும்கூடக் காரணமாகும்.

மைக்ரேனுக்கு மருந்து என்றால் நேரம்தான் முக்கியம். இடி முற்றிய பிறகு வயிறு மருந்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். ஆகவே தொடங்கின கையோடு எடுத்து, இருட்டறையில் படுக்க வேண்டும். மாதத்தில் நாலைந்து தடவைக்கு மேல் வந்து வேலை கெட்டால், வராமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. புறொப்பிரனலோல், அமிற்றிப்ரிலின் போன்றவற்றை வைத்தியர் எழுதுவார். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் முதலாவதைக் கொடுக்க மாட்டார்கள், சொல்லிவிடுங்கள். இவை இடிக்கும்போது போடும் குளிசைகள் அல்ல. தினமும் எடுத்து இரண்டு மாதம் பொறுத்துத்தான் பலனைக் கணிக்க முடியும். இரண்டு கிழமையில் "ஒண்டும் கேக்கேல்லை" என்று நிறுத்திவிட்டு வருபவர்கள் பலர்.

கொத்துத் தலையிடி அரிது. ஆண்களிடம் கூடுதல். ஒரு கண்ணைச் சுற்றி இரும்புக்கம்பியால் குத்துவதாகச் சொல்வார்கள். அந்தக் கண் சிவந்து கண்ணீர் வடியும், அதே பக்க மூக்கு அடைக்கும், இமை தொங்கும். 15 நிமிடத்தில் இருந்து மூன்று மணித்தியாலம் வரை, தினமும் அதே நேரத்துக்கு. படுக்க முடியாமல் முற்றத்தில் நடந்து திரிவார்கள். அந்த நாட்களில் ஒரு மிடறு சாராயமும் கிளப்பிவிடும். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தாலே பலருக்கு அடங்குகிறது. பனடோல் பிரயோசனமில்லை.

பீனிசம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் மைக்ரேன்தான். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், நெற்றி கனக்கும். மஞ்சள் அல்லது பச்சைச் சளி, மணம் தெரியாமை, குனிந்தால் கன்ன எலும்பில் நோ, கூடவே காய்ச்சல் இருந்தால்தான் பீனிசத்தை நினைக்க வேண்டும். வருடக்கணக்காக ஆவி பிடித்தும் மாறாத "பீனிசக்காரர்" ஒரு தடவை வகையைத் திரும்பப் பார்க்கட்டும்.

பிரஷர் விடயம் இன்னும் முக்கியம். "பிடரி இடிச்சா பிரஷர் ஏறிட்டுது" என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சாதாரணமாக உயர்ந்திருக்கும் பிரஷருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. இடித்தால் மட்டும் பிரஷர்க் குளிசை போட்டு, இடிக்காத நாளில் விடுகிற பழக்கம்தான் பலரைப் பாரிசவாதத்தில் கொண்டுபோய் விட்டது. குளிசை தினமும் எடுக்க வேண்டும். அளந்து பார்த்து 180/120 ஐத் தாண்டி, கூடத் தலையிடி, பார்வை மங்கல், நெஞ்சு நோ இருந்தால் அது அவசரம்.

நான்காம் படி: குளிசையை எண்ணுங்கள்

50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, குறைந்தது 4 முதல் 6 மணித்தியால இடைவெளியில்; 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும், ஈரல் வருத்தக்காரரும், தினமும் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுக் குறைவாக எடுக்க வேண்டும். தடிமன் குளிசைகள் பலவற்றுள்ளும் இதே மருந்து இருக்கிறது. பெட்டியில் பரசிற்றமோல் என்று எழுதியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். இபுபுறூபன் வகை எடுப்பதென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. குடற்புண், சிறுநீரக வருத்தம், கர்ப்பம் இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

தலையிடிக்கு எடுக்கும் குளிசையே தலையிடியைத் தரும் என்றால் நம்புவது கடினம். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போன்றதை மூன்று மாதத்துக்கு மேலாக எடுப்பவருக்கு அப்படித்தான் ஆகிறது. கொடீன் என்ற நோமருந்து கலந்தது என்றால் மாதம் 10 நாளே போதும். காலையில் எழும்பும்போதே இடி. இரண்டு போட்டால் மத்தியானம் வரை அடங்கும். பின்னேரம் திரும்ப வரும். ஒரு அம்மா கைப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். பேருந்து ரிக்கற்றுகளுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் இடையில் வெறுமையான பனடோல் காட்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"ஒரு நாளைக்கு எத்தினை போடுறீங்கள் அம்மா?"

"கன போடுறேல்லைப் பிள்ளை. இடிச்சா மட்டும்தான்."

"எத்தினை நாளைக்கு ஒருக்கா இடிக்குது?"

"நெடுகத்தான்."

இதற்கு வழி, நிறுத்துவதுதான். முதல் சில நாட்கள் இடி கூடும், வயிறு பிரட்டும், நித்திரை வராது. பெரும்பாலும் பத்து நாளுக்குள் அந்தக் கடுமை தணியும். அதன் பிறகு வாரங்களில் தலை தெளியும். பனடோலை ஒரேயடியாக விடலாம். கொடீன், நித்திரைக் குளிசை என்றால் வைத்தியர் சொல்லும் கணக்கில் மட்டுமே குறைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அந்தக் கிழமை சமையலையும் சத்தத்தையும் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி. கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் நோக்குளிசை இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த வலையில் விழ மாட்டீர்கள்.

ஐந்தாம் படி: ஆளைப் பொறுத்து மாறுபவை

கர்ப்பிணிக்கு 20 கிழமைக்குப் பிறகு கடுந்தலையிடி வந்து, கண்ணில் பூச்சி பறந்து, விலா எலும்புக்குக் கீழ் நோவெடுத்து, முகமும் கையும் வீங்கினால், பிரஷர் 140/90 ஐத் தொட்டிருக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரை இதே எச்சரிக்கை பொருந்தும். இரவில் என்றாலும் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் எடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரி.

பிள்ளைகளுக்கும் மைக்ரேன் வரும். அவர்களுக்கு இரு பக்கமும் இடிக்கும், சீக்கிரம் போய்விடும், சிலருக்கு வயிற்று நோவாகவே வெளிப்படும். பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் சொல்லுது என்று அடிக்காதீர்கள். கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணைப் பரிசோதிப்பது நல்லது. ஆனால் நித்திரையில் இருந்து எழுப்புகிற இடி, காலையில் சத்தி, நடை தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண் என்றால் விரைவாகக் காட்ட வேண்டும். பனடோல் அளவை வயதால் அல்ல, நிறையால் கணிக்க வேண்டும்: ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 16 வயதுக்குக் கீழ் அஸ்பிரின் வேண்டாம்.

50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலையிடியை வைத்தியர் ஒரு தடவை பார்க்காமல் விடக் கூடாது. நெற்றிப்பொட்டுத் தொட நோகிறது, தலை சீவ முடியவில்லை, சப்பும்போது தாடை நோகிறது என்றால் இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருந்து தொடங்காவிட்டால் ஒரு கண் இருண்டுபோகும். இன்னொன்று விழுகை. கிணற்றடியில் சறுக்கிய அம்மம்மா அன்றைக்கு எழும்பி நடந்திருப்பார், எல்லாரும் மறந்திருப்பார்கள். சில கிழமை கழித்து மந்தமான தலையிடி, ஞாபக மறதி, ஒரு கால் இழுப்பு. "வயசு போட்டுது" என்று சொல்லிவிடுவோம். உள்ளே மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தமாக இருந்தால், அதை வெளியேற்றினதும் ஆள் பழையபடி ஆகக்கூடும்.

ஆறாம் படி: வைத்தியரிடம் போகும்போது

வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "தலையிடி டொக்டர்" என்று நிறுத்தினால் பனடோல் துண்டு கைக்கு வரும். முதல் வசனத்திலேயே முழுவதையும் சொல்லுங்கள்: "மூண்டு கிழமையா இடிக்குது, முந்தி இப்பிடி வந்ததில்லை, விடியப்பறம் சத்தியோட கூடுது." இப்படிச் சொன்னால் வைத்தியர் நிமிர்ந்து பார்ப்பார். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, இருமினால் குனிந்தால் கூடுவது, புற்றுநோய் அல்லது எதிர்ப்புச் சக்திக் குறைவு இருந்தவருக்குப் புதிதாக வருவது ஆகியவையும் அந்த முதல் வசனத்தில் இருக்க வேண்டியவை.

மாதக்கணக்காக வந்துபோவது என்றால் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிவையுங்கள். திகதி, தொடங்கிய நேரம், எத்தனை மணித்தியாலம் நின்றது, எந்தப் பக்கம், சத்தி இருந்ததா, என்ன குளிசை எத்தனை, பெண்கள் என்றால் மாதவிடாய் நாள். இரண்டு மாதக் கொப்பி, பல நேரம் ஸ்கானைவிடக் கூடச் சொல்லும். ஒரே மாதிரி வந்துபோகும் மைக்ரேனுக்கு, சோதனையில் வேறு குறை இல்லையென்றால், ஸ்கான் தேவையில்லை. வைத்தியர் "வேண்டாம்" என்றால் உங்களைக் கவனிக்கவில்லை என்று எண்ணி வேறு இடத்தில் காசு கட்டாதீர்கள். "ஏன் வேண்டாம்?" என்று கேளுங்கள். அதற்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கொப்பியோடு, நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: பிரஷருக்கு, சீனிக்கு, நாட்டு மருந்து, கடையில் வாங்கியது எல்லாம். பெயர் தெரியாதது என்றால் வெறும் காட்டையாவது எறியாமல் வைத்திருங்கள்.